புது புஷ் போட்ட பிறகும் கியர் ராடு அதிருதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்க!

கியர் ராடு லொட லொடன்னு ஆடுதுன்னு ஷெட்டுக்குப் போய் புஷ் மாத்துறோம். ஆட்டம் நின்னுடுது. ஆனா வண்டியை வெளியே எடுத்ததும் ராடு முழுக்க விர்ருன்னு ஒரு அதிர்வு. "கியர்பாக்ஸ்தான் போயிருக்கு, இறக்கிப் பார்க்கணும்" என்று யாராவது சொல்லிவிட்டால், செலவு சில நூறிலிருந்து பல ஆயிரத்துக்குத் தாவிவிடும். உண்மையில் பல நேரங்களில் கியர்பாக்ஸில் கோளாறே இருக்காது. எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

திருவள்ளூருக்கும் காருக்கும் பழைய தொடர்பு உண்டு. இங்கிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராகின. இப்போது சிட்ரோயன் கார்கள் இந்த ஊரில்தான் தயாராகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்தால், சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே ஷிப்ட் வேலைக்கு காரில் போய் வருபவர்கள் ஏராளம். அடிக்கடி கியர் மாற்ற வேண்டிய இந்த ஓட்டத்தில் புஷ் தேய்வது சகஜம்தான்.

புஷ்ஷின் வேலை என்ன?

இன்றைய முன்சக்கர இயக்க கார்களில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கும். இன்ஜின் ஆடும்போது அதுவும் ஆடும். ஆனால் கியர் ராடு பொருத்தப்பட்டிருப்பது காரின் தரையில். இரண்டையும் இணைப்பவை கேபிள்கள். கேபிளின் முனையிலும், ராடின் அடித்தட்டிலும் இருக்கும் சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையங்கள்தான் புஷ். கை அசைவை கியர்பாக்ஸுக்குக் கொண்டு போவதும், இன்ஜின் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பதும் இதன் வேலை.

புதுசு போட்டதும் அதிர்வு ஏன்?

முக்கியமாக மூன்று காரணங்கள்.

* புஷ் கடினமானது: கம்பெனி ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் அல்லது உலோக புஷ் போட்டால் கியர் 'டக் டக்'கென்று விழும். ஆனால் அதிர்வும் அப்படியே கைக்கு வரும். ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் ரப்பர் புஷ் பொதுவாக 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரிதேன் புஷ் பெரும்பாலும் 80-க்கு மேல்.
* பொருத்தியதில் பிசகு: புஷ்ஷுக்குள் இருக்கும் உலோகக் குழாயை விட்டுவிட்டு போல்ட்டை முறுக்கினால் புஷ் நசுங்கிவிடும். கேபிள் கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டால் கேபிள் பாடியில் உரசும்.
* பழைய கோளாறு இப்போது தெரிகிறது: இன்ஜின் மவுண்ட் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். தொளதொளவென்று இருந்த பழைய புஷ் அதை மறைத்திருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

1. நின்ற இடத்தில்: ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, மெதுவாக 2,000, 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். நிற்கும்போதே அதிர்வு வந்தால் சக்கரம், ஆக்சில் மேல் சந்தேகமே வேண்டாம். இன்ஜின், மவுண்ட், சைலன்சர் குழாய், கிளட்ச் பக்கம் பாருங்கள்.

2. கிளட்சை மிதித்து: அதே நிலையில் கிளட்சை முழுதாக மிதியுங்கள். அதிர்வும் சத்தமும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸின் உள்ளே பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங். எந்த மாற்றமும் இல்லையென்றால் மவுண்ட், புஷ் மேல்தான் சந்தேகம்.

3. ஓட்டிப் பார்த்து: போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 50 கிமீ வேகத்தில் 3-வது கியரிலும் 4-வது கியரிலும் ஓட்டுங்கள். கியர் மாறியதும் அதிர்வும் மாறினால் அது இன்ஜின் சுழற்சியோடு வருவது. கியர் எதுவானாலும் அதே வேகத்தில் அதே அதிர்வு என்றால் வீல் பேலன்சிங், டயர், ஆக்சில். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் கியர்பாக்ஸைக் காட்டுவதில் அர்த்தம் உண்டு.

4. ஆக்சிலரேட்டரில்: மிதித்தால் அதிர்ந்து, காலை எடுத்தால் அடங்கினால் இன்ஜின் மவுண்ட் அல்லது ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம்.

அதிர்வின் வேகமும் துப்பு சொல்லும்

4 சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 2 முறை எரிபொருள் எரியும். 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 துடிப்பு. கையில் அது 'விர்ர்' என்று கூசும். ஆனால் 80 கிமீ வேகத்தில் சாதாரண கார் சக்கரம் நொடிக்கு சுமார் 12 முறைதான் சுற்றும். அது கூச்சமாக இல்லாமல் உதறலாகத் தெரியும். 3 சிலிண்டர் கார்களில் ஐடிலிங்கில் கொஞ்சம் அதிர்வு இயல்பு. எனவே அதே மாடல் இன்னொரு காரின் ராடைத் தொட்டுப் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

சரி செய்வது எப்படி?

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். கன்சோலைக் கழற்றி, அடித்தட்டு போல்ட்டுகள், உலோகக் குழாய், கேபிள் கிளிப், ரப்பர் உறை எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டை கைக்கணக்கில் முறுக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி சொன்ன அளவில் முறுக்க வேண்டும்.

அடுத்தது மவுண்ட். ரப்பரில் வெடிப்பு, ஆயில் ஊறல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் கூச்சம் நிற்கவில்லையென்றால், அடித்தட்டு புஷ்ஷை மட்டும் ரப்பருக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

எப்போது வண்டியை எடுக்கக்கூடாது?

வெறும் கூச்சம் என்றால் அவசரமில்லை. ஆனால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறது, ரிவர்ஸ் விழ மறுக்கிறது, ராடு எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஆடுகிறது என்றால் கேபிள் முனை கழன்றிருக்கலாம். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இது நடந்தால் ஆபத்து. அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள். கழற்றிய பழைய புஷ்ஷையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதியதன் அளவும் உலோகக் குழாயும் சரியா என்று ஒப்பிட அது உதவும்.