கோழி எச்சம் + திப்பி = கேஸ்! நாமக்கல் ஃபார்முலா நம்ம வீட்டுக் குப்பைக்கும் செட் ஆகுமா?

இந்தியாவின் நகரங்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை சேருது தெரியுமா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 அறிக்கைப்படி, சுமார் 1.6 லட்சம் டன். அதில் பாதி, அதாவது சுமார் 80,000 டன் மட்டுமே முறையாகச் செயலாக்கப்பட்டது. 29,000 டன் கிடங்குகளில் கொட்டப்பட்டது. மீதி சுமார் 50,000 டன்? கணக்கிலேயே இல்லை!

'வாங்கு, பயன்படுத்து, தூக்கி எறி' என்ற பழக்கத்துக்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் சுழற்சிப் பொருளாதாரம். ஒருவரின் கழிவு இன்னொருவரின் மூலப்பொருள். கேட்க நல்லாத்தான் இருக்கு, நடக்குமா? நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அங்கே என்ன நடக்குது?

முட்டைக்குப் பேர் போன நாமக்கல்லில் கோடிக்கணக்கான கோழிகள். ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். ஒரு கோடி கோழி என்றாலே தினமும் 1,000 டன்! இன்னொரு பக்கம், சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள். குச்சிக்கிழங்கிலிருந்து மாவை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி.

இந்த இரண்டும், சர்க்கரை ஆலைக் கழிவும்தான் புதுச்சத்திரம் ஆலைக்குத் தீனி. இந்தியன் ஆயிலின் கூட்டு நிறுவனமான ஐஓடி அமைத்த இந்த ஆலையின் திறன், நாளுக்கு 15 டன் அழுத்தப்பட்ட உயிர்வாயு (சிபிஜி).

எப்படி வேலை செய்யுது?

காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடும். அதைச் சுத்திகரித்து, மீத்தேன் அளவை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்தி அழுத்தினால், சிஎன்ஜி வண்டியில் அப்படியே நிரப்பலாம். மிஞ்சுவது வயலுக்கு உரம்.

கோழி எச்சத்தில் நைட்ரஜன் அதிகம். அதை மட்டும் போட்டால் அம்மோனியா பெருகி நுண்ணுயிரிகள் சோர்ந்துவிடும். கார்பன் அதிகமுள்ள திப்பியைக் கலந்தால் பேலன்ஸ் ஆகும்.

இன்னொரு லாபமும் உண்டு. திறந்தவெளியில் அழுகும் கழிவிலிருந்து வரும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அதைப் பிடித்து எரிபொருளாக்குவது டபுள் லாபம்தானே?

அப்புறம் ஏன் எல்லா ஊரிலும் இல்லை?

2018 அக்டோபரில் மத்திய அரசு 'சதத்' திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த இலக்கு 5,000 ஆலைகள். இதுவரை வந்திருப்பது அதில் சிறு பகுதிதான். கழிவுக்கு விலை கிடைக்கும்னு தெரிந்ததும் அதன் விலையும் ஏறும். திப்பிக்கு மாட்டுத் தீவனச் சந்தையும் போட்டிக்கு நிற்கிறது. தயாரித்த வாயுவை விற்பதும் சவால். அதனால்தான் நகர எரிவாயு விநியோகத்தில் சிபிஜி கலப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்: 2025-26இல் 1 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம்.

நம்ம வீட்டுக் குப்பை?

பண்ணையிலிருந்து வருவது எச்சம் மட்டும், ஆலையிலிருந்து வருவது திப்பி மட்டும். நாமக்கல் ஃபார்முலாவின் ரகசியமே இந்தக் கலப்பில்லாத வரத்துதான். நம்ம வீட்டு டஸ்ட்பின்னில் சாம்பார் மிச்சமும், பால் கவரும், நாப்கினும், பேட்டரியும் ஒன்றாகக் கிடக்கும். அதைத் தொட்டியில் போட்டால் மெஷின் அடைக்கும், உரமும் கெடும். கடைசியில் சேலம் செட்டிச்சாவடி மாதிரி ஒரு கிடங்குக்குத்தான் போகும்.

பிரித்தால் நடக்கும் என்பதற்கு இந்தூர் சாட்சி. அங்கே 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை, நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் திறன் கொண்டது. அந்த நகரம் அதற்கு முன்பே வீடுகளில் குப்பையைப் பிரித்து வாங்கப் பழகியிருந்தது.

ஆலை கட்டுவது அரசின் வேலை, பிரித்ததை மறுபடி ஒரே லாரியில் கொட்டாமல் இருப்பது மாநகராட்சியின் வேலை. ஆனால் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் கவரும் முதலில் ஒன்றாகச் சேருவது நம்ம கிச்சனில்தான். அங்கே இரண்டு கூடை வைக்க எந்தத் திட்டமும் வேண்டாம்!