உறையில் படிந்த கறை

ஜாவாத் தீவின் குத்துவாளான கிரிஸ் என்றதும் பேச்சு அதன் நெளிந்த அலகைப் பற்றித்தான் போகும். ஆனால் திருமணத்துக்கு அதை முதுகுப்புறம் இடுப்பில் செருகிவரும் மனிதரிடம் ஊரார் பார்ப்பது அலகை அல்ல, உறையின் மரத்தை. அந்த மரத்துக்கும் அங்கே ஒரு சாத்திரம் உண்டு.

சந்தனமும் கறிவேப்பிலைக் குடும்பத்துக் கெமுனிங்கும் உறைக்கு ஆகும். ஆனால் ஆசையோடு தேடப்படுவது திமோஹோ. தாவரவியலில் கிளைன்ஹோவியா ஹாஸ்பிட்டா. வெளிறிய, எடை குறைந்த கட்டை. சில மரங்களில் மட்டும் உள்ளே கருமை படர்ந்திருக்கும். அதற்குப் பெலெட் என்று பெயர். திட்டுத்திட்டாக இருந்தால் செப்லோக், புலிவரி போல ஓடினால் டோரெங். அரைஞாண் போல உறையைக் குறுக்கே சுற்றிவரும் கருவளையம் கெண்டிட். அதை வைத்திருப்பவரைத் தீங்கு அண்டாது என்பது நம்பிக்கை.

இந்தக் கருமை எப்படி வருகிறது? மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. புண்ணைச் சுற்றி மரம் அரண் கட்டி அடைத்துவிடுகிறது. அங்கே சேரும் பீனால் வகைச் சேர்மங்கள் கட்டையைக் கருக்கவைக்கும். உள்ளே நுழைந்த பூஞ்சைகளும் தம் எல்லையில் மெலனினைக் கோடாக இழுக்கும். திமோஹோவின் கருமையும் இந்த வகைதான் என்று கருத இடமுண்டு. இந்த அடைப்பு முறையை 1970களில் விளக்கியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. அவர் கண்டபடி, மேலும் கீழும் செல்லும் நீர்க்குழாய்களை அடைப்பதில்தான் மரம் மிகவும் பலவீனமானது. ஆகவே கறை நாரோடு நீளவாக்கில் ஓடும். குறுக்கே வளையமிடுவது அபூர்வம். கெண்டிட்டின் மவுசுக்கு இந்த அபூர்வமே காரணம், காவல் சக்தி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

உறை செய்யும் ம்ரங்கியின் சாமர்த்தியம் அறுப்பில் இருக்கிறது. கறை கட்டைக்குள் எப்படிப் போகிறதென்று வெளியிலிருந்து தெரியாது. ரம்பம் சற்றுச் சாய்ந்தால் புலிவரி வெறும் திட்டாகிவிடும். உறையின் தண்டுக்குப் பெண்டோக் என்ற உலோகக் கூடு போடுவார்கள். அதில் பிளேவா என்ற வகைக்கு முன்புறம் நெடுகத் திறப்பு, உள்ளிருக்கும் மரவரி தெரிவதற்காகவே. உலோகத்தைப் போர்த்திவிட்டு, அதையே பிளந்து மரத்தைக் காட்டும் ரசனை!

மருந்து தடவிக் கருக்கிய போலிகளும் விற்பனைக்கு வருகின்றன. மேலே பூசிய கருமை ஆழம் இறங்காது. அசல் பெலெட் ஒரு முகத்தில் தொடங்கி, விளிம்பு தாண்டி, மறுபக்கமும் தொடரும்.