படத்தில் பெயரில்லாத வர்ணக்காரர்

உடப்புக் கரையில் ஏற்றப்பட்டிருக்கும் படகுகளின் பக்கங்களில் பதிவெண்களைக் காண்கிறோம். எழுத்தின் வடிவத்தைத் தகட்டிலே வெட்டி நீக்கி, அதனைப் பலகைமீது வைத்து வர்ணம் ஒற்றினால் எத்தனை படகுகளிலும் ஒரே எழுத்து விழும். 'ஸ்டென்சில்' எனப்படும் இந்த எளிய உபாயமே, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பாரிஸ் நகரின் விலையுயர்ந்த ஆடை அலங்காரப் படங்களுக்கு நிறம் ஊட்டியது என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

1908ஆம் ஆண்டு புவாரே என்ற ஆடை வடிவமைப்பாளர், தமது உடைகளை இரீப் என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்து 250 பிரதிகள் கொண்ட தொகுதியாக வெளியிட்டார். 1911இல் ஜோர்ஜ் லெபாப் வரைந்த தொகுதி வெளிவந்தது. 1912இல் தொடங்கிய 'கஸெட் து பொன் தோன்' சஞ்சிகை, யுத்தகால இடைவெளி போக, 1925 வரை இம்முறையைப் பின்பற்றியது.

முதலில் கோட்டுருவம் மட்டும் அச்சாகும். பின்னர் மூல ஓவியத்தின் நிறங்களைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உலோகத் தகடொன்றை வெட்டுவர். ஒரு படத்துக்கு முப்பது தகடுகள் வரை தேவைப்பட்டதுமுண்டு. குட்டையான வட்டத் தூரிகையால் வர்ணத்தை ஒற்ற வேண்டும். ஈரம் சற்று மிகுந்தாலும் தகட்டின் அடியிற் கசிந்து விளிம்பு கெட்டுவிடும். இதற்கு ஏற்றது 'குவாஷ்'. நிறப்பொடியைப் பிசினோடு குழைத்து, அடித்தாள் தெரியாதவாறு தடிப்பாக்கிய நீர்வர்ணம் அது. பட்டுத்துணியின் அடர்ந்த சாயலை அச்சு மையைவிட அதுவே நன்கு காட்டிற்று.

இவ்வர்ணம் நம் பிராந்தியத்துக்குப் புதிதன்று. முகலாய அரண்மனைச் சிற்றோவியங்கள் ஒளிபுகா நீர்வர்ணத்தால் தீட்டப்பட்டவையே. 17ஆம் நூற்றாண்டின் பீஜப்பூர்ச் சித்திரங்கள் சிலவற்றில் வெட்டுத்தாளால் இடங்களை மறைத்து, மிதக்கும் சாயத்திலிருந்து பளிங்குக் கோலத்தை ஏற்றியிருக்கிறார்கள். புவாரேயின் புகழ்பெற்ற தலைப்பாகைகளும் இரவல்தான். லண்டன் அரும்பொருளகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு, தமது தையற்கூடத் தலைவியை அனுப்பிப் பார்த்துச் செய்வித்ததாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்.

அந்தத் தலைப்பாகைகளைச் சுற்றியவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. பாரிஸிலும் அதே கதைதான். படத்தின் மூலையில் ஓவியரின் கையொப்பம், அடியில் ஆடை நிறுவனத்தின் பெயர். பிரதி பிரதியாகத் தூரிகை ஒற்றியவர்களுக்கோ இடமில்லை. பட்டறைத் தலைவர்களுள் ஜான் சோதே மட்டும் 1925இல் இக்கலை பற்றித் தாமே ஒரு நூல் எழுதிப் பெயரை நிலைநாட்டிக்கொண்டார். சஞ்சிகை நின்றதும் அதே ஆண்டிலேதான்.