நம்ம பையன் பெரிய கழகத்துக்குப் போயிட்டான்: சந்தோஷமா, கோபமா?



ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கிறவுண்டில் மெட்ச் முடிந்ததும் என்ன பேச்சு நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நம்ம டீமில் பின்னால் நின்று மறித்து விளையாடும் ஒரு பையனை டவுன் கழகம் கூப்பிட்டுவிட்டால், அன்றைக்கு லயம் முழுக்க அதே கதைதான். "போகட்டுங்க, பையனுக்கு ஒரு வழி பிறக்கும்" என்பார் ஒருவர். "பழக்கினது நாம, பலன் அவங்களுக்கா?" என்பார் இன்னொருவர்.

கோடிக்கணக்கில் பணம் புரளும் இங்கிலாந்து உதைபந்தாட்டத்திலும் இதே வாக்குவாதம் உண்டு. அங்கே ஒரு கழகத்தின் ஆட்டக்காரர் இன்னொரு கழகத்துக்கு எப்படிப் போகிறார், பழக்கிவிட்ட கழகத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஓர் உண்மைக் கதையை வைத்துப் பார்ப்போம்.

பார்ன்ஸ்லி: சுரங்கத் தொழிலாளர் ஊர்

இங்கிலாந்தின் வடக்கே யோர்க்ஷயர் பகுதியில் இருக்கிறது பார்ன்ஸ்லி. தலைமுறை தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் ஏறக்குறைய ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பக்கத்திலுள்ள கிரைம்தோர்ப் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. வேலை போனாலும் ஊர்ச் சனங்களுக்கு ஒரு சொத்து மிஞ்சியது. அதுதான் 1887இல் தொடங்கிய பார்ன்ஸ்லி உதைபந்தாட்டக் கழகம். 1912இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற கழகம் அது.

இங்கிலாந்தில் தொழில்முறைக் கழகங்கள் நான்கு பிரிவுகளாக விளையாடுகின்றன. மேலே பிரீமியர் லீக், அதற்குக் கீழே சம்பியன்ஷிப், பிறகு லீக் வன், லீக் டூ. நன்றாக ஆடினால் மேலே போகலாம். கடைசி இடங்களில் முடித்தால் கீழே இறங்க வேண்டும். பிரீமியர் லீக்கில் தொலைக்காட்சி மூலம் வரும் வருமானம் கீழ்ப்பிரிவுகளோடு ஒப்பிடவே முடியாத அளவு பெரியது. பார்ன்ஸ்லி அந்த மேல்பிரிவில் விளையாடியது 1997-98 என்ற ஒரே ஒரு பருவத்தில்தான்.

ஜோன் ஸ்டோன்ஸ் போன கதை

ஜோன் ஸ்டோன்ஸ் 1994இல் அதே பார்ன்ஸ்லியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஊர்க் கழகத்தின் இளையோர் பயிற்சியில் சேர்ந்தார். 2012 மார்ச்சில், 17 வயதில், பெரியவர்களின் அணியில் முதன்முதலாக இறங்கினார். அவர் ஒரு பின்கள வீரர். பந்தைக் கண்டபடி தூர உதைத்து விரட்டாமல், நிதானமாகக் காலில் வைத்துக்கொண்டு சக வீரருக்குக் கொடுப்பார். பெரிய கழகங்களின் கண் அவர்மேல் விழுந்தது.

2013 ஜனவரி 31ஆம் திகதி, அவருக்கு 18 வயது. பிரீமியர் லீக்கில் விளையாடிய எவர்டன் கழகம் ஏறக்குறைய 30 இலட்சம் பவுண் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. அப்போது பார்ன்ஸ்லி சம்பியன்ஷிப் பிரிவில் கீழே விழாமல் தப்பப் போராடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நேரத்தில் ரசிகர்கள் மூன்று விதமாகப் பேசுவது எங்கேயும் வழக்கம்.

ஒன்று: "நம்ம ஊர்ப் பிள்ளை மேலே போறான், வாழ்த்தி அனுப்புவோம்."

இரண்டு: "பருவத்தின் நடுவில் பின்வரிசையைக் கலைச்சா நாம விழுந்திடுவோமே."

மூன்று: "இந்த விலை போதுமா? வர்ற காசு எங்கே போகும்?"

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்வரிசை ஆட்டக்காரர் போட்ட கோலை எண்ணிப் பார்க்கலாம். பின்கள வீரர் தடுத்ததை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பின்வரிசையில் நிற்கும் நால்வரும் ஒரே கோட்டில் சேர்ந்து முன்னேறிச் சேர்ந்து பின்வாங்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் எதிரணிக்கு வழி திறந்துவிடும். அந்த ஒற்றுமை வர மாதக்கணக்கில் ஒன்றாக விளையாட வேண்டும். ஆகவே ஒருவர் போனால் மற்ற மூவரும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்?

தொழில்முறை ஆட்டக்காரர் கழகத்தோடு குறித்த காலத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறார். அந்தக் காலம் முடிவதற்குள் வேறு கழகத்துக்குப் போக வேண்டுமானால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும்: பழைய கழகம், புதிய கழகம், ஆட்டக்காரர். புதிய கழகம் பழைய கழகத்துக்குக் கொடுக்கும் தொகைதான் மாற்றுத் தொகை. இது வருடத்தில் இரண்டு தடவை மட்டும் நடக்கலாம், கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால்? முன்பு ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கழகம் பணம் கேட்கலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் மார்க் பொஸ்மன் என்ற ஆட்டக்காரர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் ஒப்பந்தம் முடிந்தவர் பணமில்லாமலே வேறு கழகத்துக்குப் போகலாம் என்றாயிற்று. ஆனால் இங்கிலாந்தில் 24 வயதுக்குக் குறைந்தவர் அப்படிப் போனால், பழக்கிய கழகம் நட்டஈடு கேட்க வழியுண்டு.

இதனால்தான் சிறிய கழகங்கள் ஒப்பந்தக் காலம் மீதி இருக்கும்போதே விற்கப் பார்க்கின்றன. பிந்தினால் விலை இறங்கிவிடும். ஆட்டக்காரர் பக்கத்தையும் பாருங்கள். காலில் ஒரு பெரிய காயம் பட்டால் அதோடு எல்லாம் முடிந்துபோகலாம். அவருக்கும் காத்திருக்க நேரமில்லை.

கட்டிவைத்த காலமும் இருந்தது

நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டங்களில் "துண்டு" என்று ஒரு முறை இருந்தது. அந்தத் துண்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுக்கும். அந்தக் கடன் திரும்பவும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். 1921இல் அது ஒழிக்கப்பட்டது.

இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கும் ஒரு கட்டு இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விடாவிட்டால் வேறெங்கும் விளையாட முடியாது. சம்பளமும் 1961 வரை வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் போகக்கூடாது. சங்கத்தின் போராட்டத்தால் அந்த எல்லை நீங்கியது. நியூகாசில் கழகத்தை எதிர்த்து ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் போட்ட வழக்கில், இப்படிப் பிடித்து வைப்பது நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிமன்றம் கூறியது. ஆகவே ஒருவர் போகிறார் என்றால், போவதற்கான அந்த உரிமை சும்மா வந்ததல்ல என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பழக்கியவருக்குப் பங்கு

எவர்டனிலிருந்து 2016 ஆகஸ்டில் ஸ்டோன்ஸை மன்செஸ்டர் சிட்டி எடுத்தது. தொகை 4 கோடி 75 இலட்சம் பவுண் என்று செய்திகள் வந்தன. "30 இலட்சத்துக்கு விட்டுட்டாங்களே!" என்று தோன்றும். ஆனால் பார்ன்ஸ்லி 2013இலேயே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. எவர்டன் பிறகு அவரை விற்றால் அதில் ஒரு பங்கு பார்ன்ஸ்லிக்கு வரவேண்டும் என்பதே அது.

கணக்கைப் பாருங்கள். 30 இலட்சத்துக்கு எடுத்தவரை 4 கோடி 75 இலட்சத்துக்குக் கொடுத்தால் இலாபம் 4 கோடி 45 இலட்சம். அந்த இலாபத்தில் நூற்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தாலே 4 இலட்சத்து 45 ஆயிரம் பவுண் வரும். ஒரு வரி எழுத்தின் பெறுமதி அவ்வளவு.

இன்னொரு விதியும் உண்டு. ஒப்பந்தம் முடியாத ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் பணம் கொடுத்து மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் நூற்றுக்கு 5 ஒதுக்கப்பட வேண்டும். அது அவரை 12 வயது முதல் 23 வயது வரை பழக்கிய கழகங்களுக்குப் பிரிக்கப்படும். இது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி. ஆனால் அவர் அங்கே விளையாடியதற்குப் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது?

பிறகு என்ன ஆனது?

2013இல் பார்ன்ஸ்லி கடைசி நாள் ஆட்டத்தில் தப்பியது. அடுத்த வருடம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 2016இல் வெம்ப்ளி மைதானத்தில் மில்வோல் கழகத்தை 3-1 என வென்று மறுபடி மேலே ஏறியது. ஸ்டோன்ஸ் மன்செஸ்டர் சிட்டியோடு பல தடவை பிரீமியர் லீக்கையும், 2023இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கையும் வென்றார். 2018 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து அரையிறுதிவரை போனபோது அந்த அணியிலும் இருந்தார். ஒரு பையன் போனதால் கழகம் அழிந்துவிடவுமில்லை. காசு வந்ததால் கழகத்தின் கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிடவுமில்லை.

நமக்கு என்ன?

நம்ம பிள்ளைகளையும் நாளைக்கு ஒரு கழகமோ, பாடசாலையோ, கம்பனியோ கூப்பிடலாம். அப்போது இந்த மூன்றையும் மறக்காதீர்கள்.

போகிற பிள்ளையை ஏசாதீர்கள். போவது அவன் உரிமை, அவள் உரிமை.

எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைக்கும் முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

தோட்டக் கழகம் நடத்துவோர் பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, விளையாடிய வருடங்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி வையுங்கள். லீக்கில் பதிவு செய்யும் படிவங்களின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

பையன் போகும்போது கோபப்பட ஒரு காரணம் வேண்டுமென்றால், அவன்மேல் கோபப்படாமல், எழுத வேண்டியதை எழுதாமல் விட்டவர்களைக் கேளுங்கள்.