நிலத்தொடர்புத் தண்டும் மின்சுத்தியலும்

நாட்டில் மக்கள் வாழும் கிராமங்கள் அனைத்தையும் மின்சாரம் எட்டிவிட்டது என 2018 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு அறிவித்தது. கிராம மின்மயமாக்கக் கழகம் தொடங்கப்பெற்ற 1969ஆம் ஆண்டின் நிலையை எண்ணிப் பார்ப்போருக்கு இது சிறிய சாதனையன்று. ஆனால், மின்சாரம் தாக்கி மடிவோர் தொகை அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியிருப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மண்ணுக்குள் மறைந்து கிடப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. அதுவே முறையாக அமையாத நிலத்தொடர்பு; பேச்சு வழக்கில் 'எர்த்'.

கிணற்று மோட்டாரின் சுருளில் காப்புப் பழுதடைந்து அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டதாகக் கொள்வோம். அந்த மின்சாரம் தங்குதடையின்றி மண்ணுக்குள் பாய்ந்தால்தான் பியூஸ் உருகி இணைப்பு அறுபடும். நிலத்தொடர்பின் மின்தடை 41 ஓம் என்றால், 230 வோல்ட் அழுத்தத்தில் பாயக்கூடியது ஆறு ஆம்பியருக்கும் குறைவே. 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. மோட்டார் உயிருள்ள கம்பியைப் போலவே நிற்கும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் வரும் உழவர் அதைத் தொடுவார். மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தியிருந்தால் உயிர் பிழைக்க வழியுண்டு. ஆயினும், அக்கருவி எல்லாப் பம்பு செட்டுகளிலும் இருப்பதில்லை.

41 ஓம் என்பது கற்பனை எண்ணன்று. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் நிலத்தொடர்பு விதித்தொகுப்பான ஐ.எஸ். 3043 தரும் சூத்திரப்படி, 100 ஓம்-மீட்டர் தடைத்திறன் கொண்ட மண்ணில் 16 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தண்டுக்கு ஏறத்தாழ இந்த அளவே கிடைக்கிறது. தண்டின் விட்டத்தை இரு மடங்காக்கினால் மின்தடை 37 ஓம் அளவுக்கே குறையும். நீளத்தை இரு மடங்காக்கினாலோ 23 ஓமுக்கு இறங்கிவிடும். ஆழம் கூடுந்தோறும் ஈரம் நிலைத்த மண்ணைத் தண்டு எட்டுவதால், நடைமுறையில் பயன் இதனினும் மிகுதியாவதுண்டு. பருமனான இரும்புக்குப் பணத்தைச் செலவிடுவதைவிட ஆழத்திற்குச் செலவிடுவதே பொருளாதாரத்திற்கும் பொருந்தும்.

ஆழத்திற்கு எப்படிச் செல்வது? நம் நாட்டில் நெடுங்காலம் வழக்கிலிருப்பது குழி வெட்டிக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு மூடும் முறை. உப்பு மழைநீரில் கரைந்து வெளியேறுகிறது. இருக்கும் வரை இரும்பை அரிக்கிறது. வெட்டி நிரப்பிய மண் பழைய இறுக்கத்தை அடையவும் காலம் பிடிக்கும். இதற்கு மாறாக, கலைக்கப்படாத மண்ணில் நேராக அடித்து இறக்கப்படும் தண்டை மண் எல்லாப் பக்கமும் இறுகப் பற்றிக்கொள்கிறது. சம்மட்டியால் அடிப்பதில் இடர்கள் உண்டு. அடி சாயுந்தோறும் தண்டு ஆடி, மேற்பகுதியில் துளை அகன்றுவிடும்; தண்டின் தலை நசுங்கிக் காளான்போல் விரியும்; பிடித்துக்கொண்டிருப்பவரின் கை அடிபடும்.

கருவியும் கையாளும் முறையும்

கற்காரையை உடைக்கவும் துளையிடவும் கட்டுமானத் தொழிலில் பயன்படும் கனமான மின்சுத்தியலே இங்கும் உதவுகிறது. துளைக்கும் அலகை எடுத்துவிட்டு, தண்டின் தலைமேல் கவியும் கிண்ண வடிவ முனை ஒன்றைப் பொருத்த வேண்டும். நிமிடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றடிகள் ஒரே நேர்கோட்டில் விழுவதால் தண்டு ஆடுவதில்லை. கங்கைச் சமவெளியின் இளகிய வண்டலில் 3 மீட்டர் தண்டு சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

சுழலும் இயக்கத்தை நிறுத்தி, அடிக்கும் இயக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது முதல் விதி. தவறினால் பொறி கையை முறுக்கும். தண்டின் மரை இணைப்புகளும் கழன்றுபோகும். அலகால் அகன்ற துளையிட்டுத் தண்டை அதில் நழுவ விடுவது பலருக்குக் குறுக்கு வழியாகத் தோன்றுகிறது. தண்டுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நிற்குமாயின் அத்தண்டு இருந்தும் இல்லாததே. நீண்ட தண்டின் உச்சியில் பத்துக் கிலோ எடையுள்ள பொறியைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்தாதலின், ஒன்றேகால் அல்லது ஒன்றரை மீட்டர்த் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து இறக்குதல் நன்று. மரையின்மீது நேரே அடி விழாதபடி, அடிதாங்கும் திருகாணியை மேலே பூட்டிக்கொள்ள வேண்டும். தொடங்குமுன் அவ்விடத்தில் மின்வடமோ குடிநீர்க் குழாயோ புதைந்துள்ளதா என விசாரித்தறிவதும், காதுக்கும் கண்ணுக்கும் காப்பணிவதும் விட்டுவிடத்தக்கவையல்ல.

எல்லா மண்ணும் இடங்கொடுப்பதில்லை. தக்காணத்தில் கரிசலின் கீழ் பல இடங்களில் பாறை விரைவிலேயே எதிர்ப்படுகிறது; கரிசல் கோடையில் வெடித்துத் தண்டை விட்டு விலகவும் செய்கிறது. பாறை தட்டினால் பொறியை மேலும் அழுத்துவதால் தண்டு வளையுமேயன்றி இறங்காது. இடம் மாற்றியோ சாய்த்தோ அடித்துப் பார்க்கலாம். இயலாதபோது ஆழ்துளையிட்டுப் பெண்டோனைட் களிமண்ணால் நிரப்புவது தக்கது. பல தண்டுகள் அடிப்பதாயின், அவற்றினிடையே குறைந்தது ஒரு தண்டின் நீளமேனும் இடைவெளி வேண்டும்.

ஒப்பந்தமும் அளவீடும்

இறங்க மறுத்த தண்டின் மேற்பகுதியை அறுத்துவிட்டு மூடிவிடுவதே மிகக் கேடான வழக்கம். எண்ணிக்கைக்குப் பணம் தரும் ஒப்பந்தங்கள் இதற்குத் தூண்டுகோலாகின்றன. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தொட்டே மோட்டார், மின்மாற்றி ஆகியவற்றின் உலோக உடல் இரு தனித்தனி இணைப்புகளால் நிலத்தோடு சேர வேண்டும் என்பது விதி. இரண்டும் அறுபட்ட தண்டுகளாயின் விதி காகிதத்தில் நிறைவேறும். மலைத் தாலுகா ஒன்றின் பதிவேட்டை ஒருமுறை பார்வையிட்டேன். செம்புரைக்கல் மேட்டிலும் நெல்வயலிலும் ஒரே சீராக 2 ஓம் என, ஒரே மையில் எழுதப்பட்டிருந்தது. மண் அத்தனை ஒற்றுமை உடையதன்று!

மின்தடை அளவை மட்டும் வைத்துப் பணம் தரலாம் என்போர் உளர். மண்ணின் குற்றத்தை ஒப்பந்ததாரர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. அவர் முன்கூட்டியே விலையை உயர்த்திக் கேட்பார். இறங்கிய ஒவ்வொரு மீட்டருக்கும் பணம் தந்து, மின்தடை போதாதவிடத்து மேலும் ஒரு துண்டை இணைத்து இறக்கத் துறையே ஆணையிடுவது மேல். இணைத்து நீட்டத்தக்க தண்டும் மின்சுத்தியலும் இருந்தால் இது எளிது. மின்சுத்தியல் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திற்கும் தேவையில்லை. ஒரு கோட்டத்திற்கு ஒன்றிரண்டும், மின்வசதி எட்டாத இடங்களுக்கு ஒரு சிறு மின்னாக்கியும் போதும். துண்டுகளை இளநிலைப் பொறியாளர் அடிக்குமுன் அளந்து எண் பொறிப்பதும், மின்தடையை மழைக்காலத்தில் அன்றி ஏப்ரல், மே மாதங்களில் அளந்து பதிவதும் ஒப்பந்த நிபந்தனைகளிலேயே இடம்பெற வேண்டும்.