என்னைத் தெரியுதா, பாட்டி?

ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லோரும் ஆலயத்தை விட்டு வெளியே வருகிறோம். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் இளைஞர் ஒருவர், வாசலில் நிற்கும் மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா பாட்டி? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார். பாட்டி உற்றுப் பார்க்கிறார். தெரிந்த முகம்தான். பெயர் மட்டும் வரவில்லை. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பாட்டியும் சிரித்துச் சமாளிக்கிறார். அன்போடு கேட்ட கேள்விதான் என்றாலும், அது அவருக்கு ஒரு தேர்வாகிவிடுகிறது.

இப்படி இரண்டு மூன்று முறை சங்கடப்பட்டவர்கள் மெல்ல ஒதுங்குவதை நம் அன்பியங்களில் பார்க்கிறோம். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கிறதில்ல, நான் வந்து என்ன செய்யப்போறேன்?" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நாமோ, "பார்த்தும் பார்க்காதது போல் போகிறார்" என்று அவர்கள்மேல் வருத்தப்படுகிறோம். வயது கூடும்போது நினைவுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்துகொண்டால் இந்த வருத்தம் இருபக்கமும் குறையும்.

முகம் நம் கண்முன்னே இருக்கிறது. 'பார்த்த முகம்' என்று உணர்ந்தாலே போதும். பெயரையோ நாமே உள்ளிருந்து தேடி எடுக்க வேண்டும். மேலும், பெயருக்கும் அந்த ஆளுக்கும் பொருள் தொடர்பு எதுவும் இல்லை. 1987-ல் பிரிட்டன் உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று இதைக் காட்டியது. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் வரும்; ரொட்டி சுடுபவரையும் குறிக்கும். ஒரு முகத்தோடு அச்சொல்லைத் தொழிலாகக் கற்றபோது எளிதில் நினைவுக்கு வந்தது. அதையே பெயராகக் கற்றபோது கடினமாக இருந்தது. நம் பங்குகளிலும் 'அந்தோணி' என்றால் எந்த அந்தோணி என்று கேட்போம். 'கோயில் மணி அடிக்கிற அந்தோணி' என்றால் உடனே புரிந்துவிடுகிறது அல்லவா?

முதுமையில், ஒருவரைப் பற்றி நாம் அறிந்தவற்றுக்கும் அவர் பெயரின் ஒலிக்கும் இடையே உள்ள இணைப்பு தளர்கிறது. அவர் எந்தத் தெரு, யார் மகன், எப்போது புதுநன்மை வாங்கினார் என்பதெல்லாம் வரும். பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுகொள்ளும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது தானாக வந்துவிடும். அப்படியானால் அது அழிந்துபோகவில்லை, வழிதான் அடைபட்டிருந்தது. புதிதாகச் சந்திப்பவரின் முகத்தையும் பெயரையும் சேர்த்துப் பதிய வைப்பது இன்னும் கடினம். சில வேளைகளில் முன்பின் அறியாத முகம்கூடப் பழகிய முகமாகத் தோன்றும். காது மந்தமானால் பெயரே சரியாகக் கேட்பதில்லை. கண்புரை இருந்தால் முகம் தெளிவாகத் தெரிவதில்லை.

ஆனால் எல்லா மறதியையும் வயதின்மேல் போட்டுவிடக் கூடாது. வீட்டில் உள்ளவர்களையே அடையாளம் தெரியாமல் போவது, நாள்தோறும் நடந்த பாதையில் வழி தவறுவது, கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்பது, பணத்தைக் கையாள முடியாமல் தடுமாறுவது போன்றவை தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தந்தையின் அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையாய் இரு, உன் இளமை வலிமையில் அவரை இகழாதே என்று சீராக்கின் ஞானநூல் (3:13) நமக்குச் சொல்கிறது. உயிர்த்த ஆண்டவரைக் கல்லறை அருகே கண்ட மகதலா மரியா, அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். "நான் யார் என்று தெரியவில்லையா?" என்று இயேசு அவரைச் சோதிக்கவில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். மரியா அறிந்துகொண்டார் (யோவான் 20:14-16).

நாமும் அப்படிச் செய்யலாமே! முதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது முதலில் நம் பெயரைச் சொல்வோம். "பாட்டி, நான் சவேரியார் தெரு ஆரோக்கியத்தோட மகன் ஜெரால்டு, உங்ககிட்ட மறைக்கல்வி படிச்சேன்" என்று ஊரையும் உறவையும் சேர்த்து, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்வோம். பெயர் வராவிட்டாலும் அவர் கையை விடாமல் பேசுவோம். முதியவர்களும், "உன் முகம் தெரியுது, பேர் வரல, சொல்லுப்பா" என்று கூசாமல் கேட்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ல் ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் ஜூலை மாத நான்காம் ஞாயிறன்று திருச்சபை அதைக் கொண்டாடுகிறது. அந்த நாளுக்காகக் காத்திராமல், கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரை இந்த வாரமே வீடு தேடிச் சென்று பார்ப்போம். தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்றும், நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்திருப்பதாகவும் ஆண்டவர் எசாயா வழியாக (49:15-16) வாக்களித்திருக்கிறார். அந்த வாக்குறுதியை நம் முதியவர்கள் நம்மிடமும் உணரட்டும்.