ஸ்டியரிங் ஆடுதா? அலட்சியம் வேண்டாம்!



நமது கூட்டமைப்பில் சில குழுக்கள் பழைய பிக்கப் வண்டி வாங்கி, காய்கறி, பால் கேன், மாட்டுத் தீவனம் ஏற்றித் தொழில் செய்து வருகின்றன. கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறோம். டீசல் கணக்கை எழுதுகிறோம். ஆனால் வண்டிக்கு என்ன பழுது, என்ன சாமான் மாற்றினார்கள் என்று கேட்டால் மட்டும், "அது டிரைவர் தம்பிக்குத்தான் தெரியும் மேடம்" என்று சொல்லி விடுகிறோம். வண்டி நம்முடையது என்றால் அதன் பழுதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு குழுவில் நடந்தது

ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ரொக்கப் பதிவேட்டைப் பார்த்தால், 5 மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக முன் டயர் இரண்டும் மாற்றியிருந்தார்கள். "மட்டமான டயரை வாங்கிப்போட்டு காசு அடிச்சிட்டான்" என்று ஒரு உறுப்பினர் சொல்ல, டிரைவர் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "ரோடு அப்படி இருக்குக்கா. நான் என்ன பண்ணுவேன்? வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று சாவியை வைத்துவிட்டுக் கிளம்பி விட்டார்.

குழுவின் பிரதிநிதி அக்கா மட்டும் எழுந்து வெளியே போனார். டயரைக் கையால் தடவிப் பார்த்தார். "மேடம், இங்க வாங்க. இப்படித் தடவினா வழுவழுன்னு இருக்கு. திருப்பித் தடவினா அரம் மாதிரி கையை அறுக்குது. டயர் மட்டம்னா எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தானே தேயணும்?" என்றார்.

சரியான கேள்வி. மறுநாள் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. குறை டயரிலும் இல்லை, டிரைவரிடமும் இல்லை. டை ராடு எண்டு இரண்டும் தேய்ந்து போயிருந்தன. ஒன்றில் ரப்பர் கிழிந்து, உள்ளே மண்ணும் தண்ணீரும் புகுந்திருந்தது. வாரம் இரண்டு தடவை மலைப்பாதையில் பாரத்தோடு இறங்குகிற வண்டி அது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கழண்டிருக்கும்" என்றார் மெக்கானிக். அதைக் கேட்டதும் எல்லோரும் வாயடைத்துப் போனோம்.

ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது?

டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால், அதன் தண்டு கீழே உள்ள ஸ்டியரிங் பாக்ஸைத் திருப்புகிறது. பாக்ஸிலிருந்து வரும் ஒரு கம்பி முன் சக்கரத்தைத் திருப்புகிறது. இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டையும் இணைக்கும் நீளக் கம்பிதான் டை ராடு. அதன் இரு முனையிலும் இருக்கும் மூட்டுத்தான் டை ராடு எண்டு. (முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள பழைய வண்டிகளில் இந்த அமைப்பு இருக்கும். மற்ற வண்டிகளில் கொஞ்சம் மாறும்.)

நம் தோள்பட்டை மூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. அது எல்லாப் பக்கமும் அசையும், ஆனால் கழலாது. உள்ளே கிரீஸ் இருக்கும். மேலே மண், தண்ணீர் போகாமல் ரப்பர் மூடி இருக்கும். ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே வரும். அம்மி அரைப்பது போல அந்த மண் குண்டை அரைத்துவிடும். குண்டு சிறுத்தால் மூட்டு லொடலொடவென்று ஆடும். இதைத்தான் மெக்கானிக்குகள் "பிளே இருக்கு" என்கிறார்கள்.

இன்னொன்று கிங் பின். கதவுக் கீலில் உள்ள முளை போன்றது. சக்கரம் இதைச் சுற்றித்தான் திரும்புகிறது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி ஸ்டியரிங் பற்றியது. ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக்கூடாது. மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட், பின் எல்லாம் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 30 டிகிரி என்பது கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் உள்ள இடைவெளி. அதுவரை ஆடலாம் என்று அர்த்தம் இல்லை. அதைத் தாண்டினால் குற்றம் என்றுதான் அர்த்தம். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அப்போது மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் 12 மாதம் வண்டி ஓடுகிறதே!

நாமே கவனிக்கக்கூடிய அறிகுறிகள்

* ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கொஞ்ச தூரம் சக்கரம் திரும்பாமல் இருப்பது
* நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது, அலைபாய்வது
* பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் "டக் டக்" சத்தம்
* முன் டயர் ஓரம் மட்டும் தேய்வது, தடவினால் அரம் போல இருப்பது
* மூட்டில் ரப்பர் கிழிந்து கிரீஸ் வழிவது

காற்று குறைந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால் முதலில் காற்றைப் பாருங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் முறை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். இன்ஜினை நிறுத்தி சாவியை எடுத்துவிடுங்கள். பூட்டு விழாமல் இருக்க வேண்டுமானால் சாவியைத் திருப்பி மட்டும் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து மூட்டுகளைப் பார்க்கட்டும். கம்பி அசைந்து, அடுத்த துண்டு தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு தேய்ந்திருக்கிறது. பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் இந்தச் சோதனையைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்.

பட்டறையில் முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு, சக்கரத்தின் இரு பக்கவாட்டையும் பிடித்து ஆட்டுவார்கள். அதில் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் கிங் பின் அல்லது வீல் பேரிங். பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது என்ன நடக்க வேண்டும்?

1. பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ண வேண்டும். புதியதை அதே சுற்றுக்கு ஏற்ற வேண்டும். ஒரு முனையில் மரை வழக்கமாகவும், மறுமுனையில் எதிர்ப்பக்கமாகவும் இருக்கும். அதனால் இடது, வலது மாறாமல் வாங்க வேண்டும்.

2. மூட்டைப் பிரிக்க புல்லர் பயன்படுத்துவது நல்லது. கண்டபடி சுத்தியலால் அடித்தால் ரப்பரும் மரையும் கெடும்.

3. நட்டை முறையாக இறுக்கி, ஸ்பிளிட் பின் போட்டு மடக்க வேண்டும். பின் புதிதாக இருக்க வேண்டும். ஓட்டை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக்கூடாது. இந்தச் சின்னப் பின்தான் நட்டு கழலாமல் காக்கிறது.

4. வளைந்த கம்பியை நிமிர்த்தியோ, தேய்ந்த மூட்டை வெல்டிங் வைத்தோ கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டியரிங் சாமானில் ஒட்டுவேலை கூடாது.

5. கிங் பின் மாற்றினால் புஷ்ஷையும் சேர்த்து இரண்டு பக்கமும் மாற்றுவது நல்லது.

6. கடைசியாக வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இதை விட்டால் புது டயரும் பழையபடி தேயும்.

குழு செய்ய வேண்டியது

வேலைக்கு முன்பே என்னென்ன சாமான், என்ன கூலி என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுங்கள். அலைன்மெண்ட் பில்லையும் சேர்த்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். வண்டிக்கென்று தனி நோட்டுப் போட்டு, கிரீஸ் அடித்த தேதி, மாற்றிய சாமான், கிலோமீட்டர் மூன்றையும் எழுதுங்கள். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று யாராவது சொன்னால், "காட்டுங்கண்ணே, பாத்தா புரியும்" என்று சொல்லுங்கள்.

அந்தக் குழுவில் பிறகு என்ன ஆனது தெரியுமா? டை ராடு எண்டு இரண்டையும் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்தார்கள். பழைய எண்டு இரண்டும் அடுத்த கூட்டத்தில் கைமாறிக் கைமாறிப் போனது. குறை சொன்ன அக்காவே டிரைவர் வீட்டுக்குப் போய், "தம்பி, தப்பா பேசிட்டேன். வண்டியை எடுப்பா" என்று கூப்பிட்டு வந்தார். மாதம் ஒரு தடவை டிரைவரும் இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து வண்டியைப் பார்ப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். சரக்கு வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவதில்லை என்றும் அதே தீர்மானத்தில் சேர்த்தார்கள்.

வண்டி வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் எல்லோரும் வெளியே போய் உங்கள் வண்டியின் முன் டயரை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

- கள ஒருங்கிணைப்பாளர்